வீட்டுக் கழிவுநீருக்கு ஒரு கல்வாழைப் பாத்தி: முதன்முறை கட்டுகிறவர்களுக்கு

பாதாள சாக்கடை இன்னும் வராத தெருவில் வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளியலறை, துணி துவைக்கும் இடம், சமையலறை ஆகிய மூன்றிலிருந்தும் வெளியேறும் தண்ணீரைக் கொல்லையிலேயே ஒரு ஜல்லிப் பாத்தி வழியாக ஓடவிட்டு, தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 14 அடிக்கு 4 அடி இடம் போதும். மின்சாரம் தேவையில்லை. ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு யூனிட் (100 கன அடி) ஜல்லி, கொஞ்சம் கல்வாழைக் கிழங்கு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் படுவது செடி என்பதால், எந்தச் செடி நடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் கெட்டுப்போன பாத்திகளில் செடி நன்றாகவே இருந்தது. முன்னால் இருக்க வேண்டிய தொட்டியை ஒப்புக்குக் கட்டியிருந்தார்கள், அல்லது பின்னால் வெளியேறும் குழாயின் மட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. எண்ணெயும் வண்டலும் பாத்திக்குள் போகக் கூடாது; தண்ணீர் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நிற்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்.

எந்தத் தண்ணீரை விடலாம்

குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், கை கழுவும் பேசின் தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர். இவ்வளவுதான். கழிப்பறைத் தண்ணீர் இப்போது இருக்கிறபடி செப்டிக் டேங்குக்கே போகட்டும். இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்து வெளியே வருகிற வீடாக இருந்தால், குழாயைப் பிரிப்பதுதான் முதல் வேலை. புது வீடு கட்டுகிறவர்கள் பிளம்பரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் செலவு பெரிதாக வராது. பழைய வீட்டில் பெரும்பாலும் குளியலறைக் குழாய் தனியாகத்தான் வெளியே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

விடக் கூடாதவையும் உண்டு. வடித்த கஞ்சி, இட்லி மாவுப் பாத்திரத்தின் முதல் கழுவல், அரிசி களைந்த தண்ணீர் இவற்றை மாட்டுக்கோ செடிக்கோ தனியாக ஊற்றிவிடுங்கள். மாவுச்சத்து குழாயிலும் தொட்டியிலும் புளித்து நாறும். நாற்றம் என்று புகார் வரும் வீடுகளில் நான் முதலில் கேட்பது கஞ்சி எங்கே போகிறது என்றுதான். மீன், கறி கழுவின தண்ணீரும் அப்படித்தான். தலைக்குச் சாயம் பூசி அலசிய தண்ணீர், பிளீச்சிங் பவுடர், ஆசிட், கணிசமாக ஊற்றிய பினாயில் இவையெல்லாம் பாத்திக்குள் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரையும் சேர்க்காதீர்கள். அதில் இருப்பது உப்பு. இந்தப் பாத்தி உப்பை எடுக்காது. செடி தண்ணீரைக் குடித்து ஆவியாக விடுவதால், வெளியே வரும் தண்ணீரில் உப்பு கொஞ்சம் கூடித்தான் இருக்கும். போர்வெல் தண்ணீரே கடுமையான உப்பு என்றால், தென்னை தாங்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தாங்காது.

பாத்திக்குள் என்ன நடக்கிறது

ஜல்லிக்கற்களின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். ஓடைக்கல்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தப் படலம் முழுக்க நுண்ணுயிர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் சோப்பு, அழுக்கு, எண்ணெய்ப்பசை இவற்றைத் தின்று செரிப்பவை அவைதான். செடியின் வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடுவதால் வேரோரத்தில் ஒருவகை நுண்ணுயிரும், காற்றே இல்லாத இடத்தில் வேறொரு வகையும் வேலை செய்கின்றன. வேர் ஜல்லிக்குள் வழி பிரித்துக்கொண்டே இருப்பதால் பாத்தி சீக்கிரம் அடைத்துக்கொள்வதில்லை. தழைச்சத்து, மணிச்சத்தில் ஒரு பங்கைச் செடியும் எடுத்துக்கொள்ளும், ஆனால் சுத்திகரிப்பின் பெரும்பகுதி கல்லின் மேல்தான் நடக்கிறது.

இந்த முறை 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. நீரில் வளரும் கோரைகள் கழிவுநீரைத் தெளியவைக்கும் என்று அவர் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. அங்கே குளிர் அதிகம் என்பதால் முழு வீட்டுக் கழிவுநீருக்கும் ஆளுக்கு 5 சதுர மீட்டர் வரை பாத்தி ஒதுக்குகிறார்கள். நம் ஊர் வெயிலில் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும்; குளியல், சமையலறைத் தண்ணீருக்கு மட்டும் என்றால் ஆளுக்கு ஒன்றேகால் சதுர மீட்டர், அதாவது 13, 14 சதுர அடி போதும்.

அளவு எப்படிப் போடுவது

முதலில் உங்கள் வீட்டில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பாருங்கள். மாடித் தொட்டியைக் காலையில் நிரப்பி, மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுநாள் அதே நேரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோல் விட்டுப் பார்க்கலாம். துணி துவைக்கிற நாள் ஒன்று, துவைக்காத நாள் ஒன்று எனப் பார்ப்பது நல்லது. அதில் கழிப்பறைக்கும் குடிக்கவும் போவதைக் கழித்துவிட்டால் பாத்திக்கு வரும் அளவு கிடைக்கும். நாலு பேர் வீட்டில் 300 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் பாத்திக்குள் குறைந்தது மூன்று நாள் தங்க வேண்டும். ஆக 900 லிட்டர் தண்ணீர் உள்ளே நிற்கிற அளவுக்கு இடம் வேண்டும். ஜல்லி கொட்டிய குழியில் தண்ணீர் நிற்க இருப்பது கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மட்டுமே. அது மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 35 சதவீதம். 900 லிட்டரை 0.35ஆல் வகுத்தால் சுமார் 2,570 லிட்டர், அதாவது 91 கன அடி ஜல்லி. தண்ணீர் நிற்கும் ஆழம் 20 அங்குலம் என்றால் பரப்பு 55 சதுர அடி வரும். 14 அடி நீளம், 4 அடி அகலம் என்று வைத்தால் சரியாகப் போகும். மேலே 2 அங்குலம் உலர்ந்த ஜல்லியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100 கன அடி. லாரிக்காரர் சொல்லும் ஒரு யூனிட் அதுதான்.

ஆறு பேர் இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள். கல்வாழை வேர் இரண்டடிக்குக் கீழே அதிகம் இறங்காது. நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடாமல் பாத்தி முழுக்கப் பரவிப் போகும்.

இடமும் மட்டமும்

ஒரு நாளில் பாதி நேரமாவது வெயில் படுகிற இடமாகப் பாருங்கள். மாமரத்தடி வேண்டாம், சருகு விழுந்து அழுகும், மர வேர் தொட்டியை உடைக்கும். குடிதண்ணீர்க் கிணறு, போர்வெல், நிலத்தடித் தொட்டி இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடமும் ஆகாது.

தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் மட்டம்தான் எல்லாம். குளியலறைக் குழாய் வெளியே வரும் உயரம், அதற்குக் கீழே வண்டல் தொட்டி, அதற்குக் கீழே பாத்தியின் ஜல்லிப்பரப்பு, அதற்கும் கீழே வெளியேறும் குழாய், கடைசியாகத் தென்னம் பாத்தி. இந்த வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஓரிரு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். குழி வெட்டுவதற்கு முன்பே டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) வைத்து, சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். குழாய்க்கு நூறு அடிக்கு ஓர் அடி சரிவாவது வேண்டும். கண்ணால் பார்த்து “ஓடும் சார்” என்று சொல்கிற பிளம்பரை நம்பிக் குழாயை மூடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் எவ்வளவு நேரத்தில் வருகிறது, நடுவில் எங்காவது தேங்குகிறதா என்று பார்த்த பிறகு மண் போடச் சொல்லுங்கள்.

எண்ணெய்த் தொட்டியும் வண்டல் தொட்டியும்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. இந்த இரண்டு தொட்டியும் ஒழுங்காக இருந்தால் பாத்தி பல ஆண்டுகள் ஓடும். இல்லாவிட்டால் முதல் தீபாவளிப் பலகாரத்தோடு அடைத்துக்கொள்ளும்.

சமையலறைத் தண்ணீருக்கு மட்டும் தனியாக ஓர் எண்ணெய்த் தொட்டி வேண்டும். சமையலறைச் சுவருக்கு வெளியே, 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் செங்கல் வைத்துக் கட்டி உள்ளே சிமெண்டு பூசிவிட்டால் போதும். அதில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். வெளியேறும் குழாயின் முனையில் ஒரு ‘டி’ (T வடிவ இணைப்பு) பொருத்தி, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் இறங்கி, தரையிலிருந்து 4 அங்குலம் மேலே வாய் திறந்திருக்கும்படி செய்யுங்கள். ‘டி’யின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும், அடைத்தால் குச்சி விட்டுக் குத்த வசதியாக இருக்கும். எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப்பருக்கை அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகும். மேலே எளிதாகத் தூக்கக் கூடிய மூடி. கனமான சிலாப் போட்டால் யாரும் திறக்கமாட்டார்கள். திறக்காத எண்ணெய்த் தொட்டியும் இல்லாத எண்ணெய்த் தொட்டியும் ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால், வெண்மையாக, லேசான மஞ்சள் கலந்து, உறைந்த நெய் மாதிரி ஓர் ஆடை மேலே படிந்திருக்கும். அதில் கறிவேப்பிலைக் காம்பும் கடுகும் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய கரண்டியால் அதை வழித்து, காகிதத்தில் போட்டு, மண்ணில் புதைத்துவிடலாம், அல்லது உலர்ந்த சருகோடு மக்கு உரக்குழியில் சேர்க்கலாம். இந்த ஆடை பாத்திக்குப் போயிருந்தால் ஜல்லியின் மேல் மெழுகாகப் படிந்திருக்கும், அதை எடுக்க வழியே இல்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும் சிங்க்கின் வாயில் ஒரு எவர்சில்வர் சல்லடை வைத்து, வாணலியைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் இந்த ஆடை பாதியாகக் குறையும்.

அடுத்தது வண்டல் தொட்டி. எண்ணெய்த் தொட்டியிலிருந்து வருவதும், குளியலறையிலிருந்து வருவதும், வாஷிங் மெஷின் தண்ணீரும் இங்கே சேரும். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை 3 அடி விட்டத்தில் கிடைக்கும். ஓர் அடி உயரமுள்ள உறை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டு, இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் 500 லிட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டி தயார். இங்கும் உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘டி’ பொருத்த வேண்டும். வாஷிங் மெஷின் ஒரே மூச்சில் 50, 60 லிட்டரைத் தள்ளும்போது அந்த வேகத்தைத் தாங்கி, மெதுவாகப் பாத்திக்கு அனுப்புவதும் இந்தத் தொட்டிதான். மெஷின் குழாயின் முனையில் ஒரு நைலான் வலையைக் கட்டிவிடுங்கள். துணியிலிருந்து வரும் நூல்தும்பு அதில் சிக்குவது நல்லது. பாத்தியை அடைப்பதில் எண்ணெய்க்கு அடுத்து இதுதான்.

தொட்டியை இதைவிடப் பெரிதாகக் கட்டி நாள்கணக்கில் தண்ணீரை நிறுத்தினால் அழுகிய முட்டை வாடை வரும். இரண்டு நாளைத் தாண்டித் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக, குழந்தை திறக்க முடியாததாக இருக்கட்டும். காற்றுக்குழாய் வைத்தால் அதன் வாயில் கொசுவலை. இன்னொன்று, கண்டிப்பாக: எந்தக் காரணத்துக்காகவும் இந்தத் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அடி வண்டலிலிருந்து கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். மனிதர்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் உரிய பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்றடி ஆழத் தொட்டியை வெளியே நின்றபடியே நீளக் கைப்பிடி வாளியால் சுத்தம் செய்யலாம். அதற்காகத்தான் இந்த ஆழம்.

வண்டல் தொட்டிக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு திருப்புக் குழாய் வைத்து, அடைப்பானைத் திறந்தால் தண்ணீர் பழைய உறிஞ்சுகுழிக்குப் போகும்படி செய்துகொள்ளுங்கள். குளியலறையை ஆசிட் போட்டுத் தேய்க்கும் நாளிலும், பாத்தியில் பழுது பார்க்கும்போதும், அடைமழையிலும் இது உதவும்.

பாத்தி கட்டுவது

குழியின் மொத்த ஆழம் 28 அங்குலம். 20 அங்குலம் தண்ணீர், 2 அங்குலம் உலர்ந்த ஜல்லி, மீதி 6 அங்குலம் வெறும் விளிம்பு. விளிம்பு தரைமட்டத்துக்குக் கொஞ்சமாவது மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் கொல்லை மண்ணெல்லாம் உள்ளே வந்துவிடும். தரை, நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலை நோக்கி ஒன்றரை அங்குலம் சரியட்டும்.

செங்கல் சுவர் வைத்து உள்ளே பூசினால் நீண்ட நாள் நிற்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால், அசோலா என்ற மாட்டுத்தீவனச் செடி வளர்க்கும் தொட்டிக்குப் போடுவார்களே, அந்தத் தடித்த சில்பாலின் பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு மடிப்பாகப் போடலாம். அதற்கு முன் குழியில் கூரான கல், வேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். விரிப்பின் மேலும் ஒரு சாக்கு. ஜல்லியை லாரியிலிருந்து நேரே கொட்டாமல் சட்டியில் எடுத்து வைப்பது நல்லது. எந்த முறையானாலும் ஜல்லி போடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். ஜல்லி போட்ட பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது முடியாத காரியம்.

கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் இடங்களில், குழி வெட்டாமல் தரைக்கு மேலேயே கட்டுங்கள். அப்போது குளியலறைக் குழாய் போதுமான உயரத்தில் வருகிறதா என்று மறுபடியும் மட்டம் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது ஜல்லி. நுழைவாயிலில் ஒன்றரை அடி நீளத்துக்கும் வெளிவாயிலில் ஒரு அடி நீளத்துக்கும் ஒன்றரை இஞ்ச் ஜல்லி. நடுவில் முழுக்க அரை இஞ்ச் ஜல்லி, அதாவது 12 எம்.எம். அதைவிடப் பொடியான சிப்ஸ் சீக்கிரம் அடைக்கும். பெரிய கல்லில் நுண்ணுயிர் படியப் பரப்பு குறைவு. கிரஷரிலிருந்து வரும் ஜல்லியில் மாவுபோலத் தூள் ஒட்டியிருக்கும். அதை அப்படியே கொட்டினால் அடியில் சேறாகப் படிந்து, பாத்தி முதல் நாளே பாதி அடைத்துவிடும். இரும்புச் சட்டியில் ஓட்டை போட்டோ, கட்டிலில் வலை விரித்தோ, ஹோஸ் பைப்பால் பீய்ச்சிக் கழுவுங்கள். பாலாக ஓடும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். ஒரு யூனிட்டைக் கழுவ இரண்டு ஆளுக்கு ஒரு முழு நாள் ஆகும். வேலையாட்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும் குழாயை நுழைவாயிலில் அகலவாக்கில் கிடத்தி, கீழ்ப்பக்கம் துளை போட்டு, மேலே பெரிய ஜல்லியால் மூடுங்கள். ஒரே இடத்தில் கொட்டாமல் நாலடி அகலத்துக்கும் பரவி இறங்கும். தண்ணீர் வெளியே தெரியாததால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. ஜல்லியின் மேற்பரப்பைப் பலகை வைத்து ரசமட்டம் பார்த்துச் சமன் செய்துவிடுங்கள். மேலே மண் போடுவது, அலங்காரத்துக்கு மணல் போடுவது எதுவும் வேண்டாம்.

வெளியேறும் குழாய்

வெளிவாயிலின் அடியில், தரையோடு ஒட்டி, துளையிட்ட 3 அங்குல பி.வி.சி. குழாயை அகலவாக்கில் பதித்து, சுவரைத் துளைத்து வெளியே ஒரு சிறிய தொட்டிக்குள் கொண்டுவாருங்கள். அங்கே ஒரு எல்போ (முழங்கை போல வளைந்த இணைப்பு) பொருத்தி, அதில் மேல்நோக்கி ஒரு குழாய்த்துண்டு நிறுத்துங்கள். பாத்திக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்க வேண்டுமோ, அந்தத் துண்டின் உயரம் அவ்வளவு. எல்போவைப் பசை போட்டு ஒட்டாமல் வாஸ்லின் (Vaseline) தடவிச் செருகி மட்டும் வைத்தால், குழாயைச் சாய்த்து மட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பிளம்பர் பழக்கத்தில் பசை தடவி ஒட்டிவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செடி நட்டவுடன் மட்டம் மேலே இருக்க வேண்டும், வேர் பிடித்ததும் இறக்க வேண்டும், பாத்தியைக் காயவிட வேண்டுமானால் முழுக்க வடிக்க வேண்டும். இத்தனைக்கும் இந்த ஒரு சாயும் குழாய்தான்.

என்ன நடலாம்

முதன்முறை செய்கிறவர்களுக்குக் கல்வாழைதான் என் சிபாரிசு. எங்கும் கிடைக்கும், காசு கேட்கமாட்டார்கள், சோப்புத் தண்ணீரைத் தாங்கும், பூவும் பூக்கும். இரண்டு முளையாவது உள்ள கிழங்காகப் பார்த்து, ஒன்றேகால் அடி இடைவெளியில் 30, 35 கிழங்கு நடுங்கள். ஜல்லியைக் கையால் விலக்கி, கிழங்கின் அடி தண்ணீரைத் தொடும்படி 3, 4 அங்குல ஆழத்தில் வைத்து மூடினால் போதும். மண்ணோடு நடாதீர்கள், வேரைக் கழுவிவிட்டு நடுங்கள். தண்டைப் பாதியாக வெட்டிவிட்டால் வாடாமல் பிழைக்கும்.

வெட்டிவேரும் நல்லது, வேர் ஆழமாக இறங்கும், ஆனால் வெயில் நன்றாகப் பட வேண்டும். குடைக்கோரை அழகுக்கும் ஆகும். சேம்பு வளரும், ஆனால் கழிவுநீரில் வளர்ந்த சேம்பை வீட்டில் யாராவது தெரியாமல் பறித்துச் சமைத்துவிடக் கூடாது என்பதால் நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன். சம்பும் நாணலும் பெரிய ஏரிக்கரைப் பாத்திகளுக்குப் பொருந்தும். வீட்டுப் பாத்தியில் அவை மற்றதையெல்லாம் விழுங்கிவிடும், நாணலின் கூரான கிழங்கு விரிப்பையும் துளைக்கும். ஆகாயத்தாமரை மிதக்கும் செடி, இதற்குச் சம்பந்தமே இல்லை.

முதல் மூன்று மாதம்

நட்ட அன்றே கழிவுநீரைத் திறந்துவிடாதீர்கள். நல்ல தண்ணீரை ஜல்லிப்பரப்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி நிரப்பி, புதுத் தளிர் வரும்வரை, இரண்டு மூன்று வாரம், அப்படியே விடுங்கள். அப்புறம் குளியலறைத் தண்ணீரை மட்டும் விடுங்கள். இலை பழுக்காமல் இருந்தால் மற்றதையும் சேர்க்கலாம். குழாயைச் சாய்த்து மட்டத்தை வாரம் ஓர் அங்குலம் இறக்கினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். ஆறேழு வாரம் ஆனதும் மட்டத்தை மறுபடி உயர்த்தி, பரப்புக்கு 2 அங்குலம் கீழே நிறுத்திவிடுங்கள்.

ஆரம்பத்தில் வெளியே வரும் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், லேசாக வாடையும் அடிக்கும். படலம் முழுமையாகப் படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதன்பிறகு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் வெளிறிய தேநீர் நிறத்திலோ, தெளிவாகவோ இருக்கும். ஈர மண் வாசம்தான் வரும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் வெளியேறும் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, நிழலில் ஐந்து நாள் வைத்துவிட்டுத் திறங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் தண்ணீரில் இன்னும் அழுக்கு மிச்சம் இருக்கிறது. வாடை இல்லை என்றால் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டன. ஆய்வகத்தில் கொடுக்கிறவர்கள் பி.ஓ.டி. அளவைக் (மிச்சமுள்ள அழுக்கைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) கேளுங்கள், பாசனத்துக்கு நிலத்தில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை மத்திய விதிகள் அனுமதிக்கின்றன. நன்றாக ஓடும் பாத்தி அதற்குப் பல மடங்கு கீழே நிற்கும்.

தண்ணீரை எங்கே விடுவது

300 லிட்டர் உள்ளே போனால் கோடையில் 250 லிட்டர் வெளியே வரும். மீதியைச் செடியும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆக நாலு தென்னையைப் பார்த்துக்கொள்ளலாம், அல்லது இரண்டு தென்னையும் ஒரு வரிசை வாழையும். மா, கொய்யா, முருங்கை, பூச்செடிகள் எல்லாவற்றுக்கும் விடலாம்.

கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி போலப் பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் கூடாது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கிருமி முழுக்கப் போய்விடுவதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மூத்திரத்துணி அலசிய தண்ணீரும் இதில்தான் வருகிறது. தெளிப்பான் வைத்துப் பீய்ச்சாமல், மரத்தின் அடியில், சருகு மூடாக்குக்குக் கீழே ஹோஸ் வாயை வைத்து ஓடவிடுங்கள். தேவைப்பட்டால் 100 லிட்டர் டிரம் ஒன்றில் சேர்த்து அன்றன்றைக்கே காலி செய்துவிடுங்கள். நாள்கணக்கில் சேமித்தால் பாசி பிடிக்கும், கொசுவும் வரும். வண்டி கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற என்றெல்லாம் கேட்கிறார்கள். அதற்கு மணல் வடிகட்டியும் குளோரினும் வேண்டும், முதல் வருடம் அந்த ஆசை வேண்டாம்.

கழிப்பறைத் தண்ணீரையும் சேர்க்க முடியுமா

முடியும். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பாத்திகள் ஆரோவில் குடியிருப்புகளில் இருக்கின்றன. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரை இதே கொள்கையில் அமைந்த ஜல்லிப் பாத்திகளில் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்துகிறது. ஆனால் அதற்கு முன்னால் தடுப்புகள் வைத்த அறைகள் உள்ள, கசியாத தொட்டி வேண்டும். பாத்தியும் ஆளுக்கு 20 சதுர அடிக்கு மேல் போகும். தொற்று அபாயமும் கூடுதல். நம் ஊரில் செப்டிக் டேங்க் என்று சொல்லும் பல குழிகளுக்கு அடியில் கான்கிரீட்டே கிடையாது. ஒரு பொறியாளரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வருடம் முழுக்கச் செய்ய வேண்டியது

எண்ணெய்த் தொட்டி வாரம் ஒருமுறை. நைலான் வலை, துவைக்கிற நாளெல்லாம். வண்டல் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்; அடி வண்டல் மூன்றில் ஒரு பங்கு வந்திருந்தால் அள்ளி, குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கல்வாழை வேகமாகப் பெருகும். பூத்து முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டி எடுத்துவிட வேண்டும். பாத்தியிலேயே சாய்ந்து அழுகினால் அது எடுத்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போகும். வெட்டியதைத் தென்னைக்கு மூடாக்காகப் போடலாம்.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் வீடு பூட்டியிருந்தால் செடி காயாது, உள்ளே இருக்கும் தண்ணீர் தாங்கும். அதற்கு மேல் போகுமானால் பக்கத்து வீட்டில் சொல்லி, வாரம் நாலைந்து வாளி ஊற்றச் சொல்லுங்கள். வடகிழக்கு மழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் இந்தப் பாத்தியில் 500 லிட்டருக்கு மேல் விழும். வெளியேறும் குழாய் அதைத் தாங்கும், ஆனால் தென்னம் பாத்தியும் நிரம்பியிருக்கும். திருப்புக் குழாயைத் திறந்துவிட்டு மழை விட்டதும் மூடுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து நுழைவாயிலில் ஜல்லிக்கு மேல் தண்ணீர் தேங்குவது தெரியும். முதலில் சாயும் குழாயைப் பாருங்கள், யாராவது நிமிர்த்தியிருக்கலாம். அது சரியாக இருந்தால் அடைப்பு கிட்டத்தட்ட எப்போதும் முதல் இரண்டு அடியில்தான் இருக்கும். தண்ணீரைத் திருப்பிவிட்டு, பாத்தியை வடித்து, நாலைந்து நாள் காயவிடுங்கள். நுழைவாயில் ஜல்லியையும் அதை ஒட்டிய ஓரடி அரை இஞ்ச் ஜல்லியையும் மண்வெட்டியால் வாரி, சட்டியில் போட்டுக் கழுவி, அதே வரிசையில் திரும்பப் போடுங்கள். மீதிப் பாத்தியைத் தொட வேண்டாம், அங்கே இருக்கும் படலம் அப்படியே வேலை செய்யட்டும். கழுவின கறுப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாம்.